84 நாள் ரீசார்ஜ், 21 விநாடித் தாமதம்: மயிலாப்பூர் அலுவலகம் ஒன்றின் ஐபிவி6 கதை

2019 ஜூலை 15, திங்கட்கிழமை. காலை பத்தரை மணிக்கு மயிலாப்பூர் லஸ் பக்கத்து ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து அக்கா ஃபோன் செய்தார். அங்கே கணக்குப் பிரிவு முழுவதும் அவர் கையில்தான். "தம்பி, டேக்ஸ் சாஃப்ட்வேர் ஐகானைத் தட்டினா அப்படியே நிக்குது. எழுந்து போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்தா திறந்திருக்கு. காலையிலேர்ந்து எல்லார் சிஸ்டத்துலயும் இதே கதை. கொஞ்சம் சீக்கிரம் வாங்க." வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கு ஜூலை 31 கெடு. (அந்த வருடம் பிறகு ஆகஸ்ட் 31 வரை தள்ளிவைத்தார்கள். அந்தத் திங்கட்கிழமை அது யாருக்கும் தெரியாது.) பதினாறு நாள்தான் இருக்கிறது, நூற்றுக்கணக்கான ஃபைல்கள் மேசையில் குவிந்திருக்கின்றன.

நான் சிறு அலுவலகங்களுக்கு நெட்வொர்க் பார்த்துக் கொடுக்கிறவன். ஸ்கூட்டர் டிக்கியில் க்ரிம்பிங் டூல், ஒரு பெட்டி ஆர்ஜே45 கனெக்டர், பழைய லேப்டாப். இந்த வேலையில் பெரும்பாலான பழுதுகளை எழுதிவைக்கத் தோன்றாது. கேபிளை எலி கடித்திருக்கும், சரி, மாற்றிவிட்டு வந்துவிடுவோம். இதை எழுதக் காரணம், அன்று மாலை ஆடிட்டர் சார் கேட்ட ஒரு கேள்வி: யாருமே கேட்காத ஒன்றைக் கணினியில் ஏன் முன்கூட்டியே ஆன் செய்து வைக்கிறார்கள்? பழுதில் பெரும்பங்கு என்னுடையது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அலுவலகத்தில் இருந்தவை

பழைய வீடு ஒன்றின் முதல் மாடி. 14 கணினிகள்: 9இல் விண்டோஸ் 7, 5இல் விண்டோஸ் 10. ஃபைபர் இணைப்பு ஒன்று. அது உள்ளே வரும் இடத்தில் ஒரு ஃபயர்வால் பெட்டி. யூடியூப், ஃபேஸ்புக் எல்லாவற்றுக்கும் அதில் தடை. அதற்குக் கீழே 24 போர்ட் ஸ்விட்ச், செட்டிங் என்று எதுவுமே இல்லாத சாதாரண ரகம். அதிலிருந்து மேசைக்கு மேசை கேபிள்.

அந்த வருடம் ஏப்ரலில் தெருவில் யாரோ தோண்டிய பள்ளத்தில் ஃபைபர் இரண்டு முறை அறுந்தது. மாற்று ஏற்பாடு வேண்டும் என்றார் ஆடிட்டர் சார், செலவு வைக்காமல். தேர்தல் முடிந்த அடுத்த திங்கள், ஏப்ரல் 22 அன்று, மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு 4ஜி ரூட்டர் வாங்கினேன். சிம் போட்டு, 84 நாள் ரீசார்ஜ் செய்து, அதே ஸ்விட்சில் சொருகினேன். நாளுக்கு 1.5 ஜிபி; தீர்ந்துபோனால் நள்ளிரவு வரை 64 கேபிபிஎஸ். ஃபைபர் போகும்போது டெஸ்க்டாப்பில் இருக்கும் ஒரு பேட்ச் ஃபைலை இரண்டு தட்டு தட்டினால் கேட்வே (இணையத்துக்குப் போகும் வாசல்) மாறும், வந்ததும் இன்னொன்றைத் தட்ட வேண்டும். ஒப்பேற்றுகிற வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் மே மாதத்தில் ஃபைபர் மறுபடி அறுந்தபோது அது கைகொடுத்தது, எனக்கும் நல்ல பெயர் கிடைத்தது.

ஒரே நெட்வொர்க்கில் இரண்டு ரூட்டர் இருந்தால் இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு முகவரி வழங்கும். இது இந்தத் தொழிலில் முதல் வாரமே கற்றுக்கொள்ளும் பாடம். அதனால் 4ஜி ரூட்டரில் முகவரி வழங்கும் வசதியான டிஹெச்சிபியை அணைத்துவிட்டேன். அணைத்ததோடு அது வாயை மூடிக்கொண்டது என்று நினைத்தேன்.

21 விநாடி

அன்று போனவுடன் முதலில் செய்தது, ஃபோனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு அக்காவின் கணினியில் அந்த மென்பொருளைத் திறந்து பார்த்ததுதான். 21 விநாடி. மூடித் திறந்தேன், மறுபடி 21. அடுத்த மேசையிலும் 21. குரோம் வழக்கம்போல் ஓடுகிறது, மெயில் வருகிறது, வாட்ஸ்அப் வெப் வேலை செய்கிறது. இந்த ஒரு மென்பொருள் மட்டும் திறக்கும்போது நிற்கிறது. யாராக இருந்தாலும் மென்பொருளைத்தான் சந்தேகிப்பார்கள். அக்கா ஏற்கெனவே அவர்களுடைய ஹெல்ப்லைனைக் கூப்பிட்டிருந்தார். "உங்க நெட்டுலதான் மேடம் பிரச்சினை" என்று பதில் வந்திருக்கிறது. வழக்கமாக நான் நம்பாத பதில். இந்த முறை அவர்கள் சொன்னது சரி.

நெட்வொர்க் ஆட்களுக்கு 21 என்ற எண் பழக்கமானது. ஒரு சர்வரைத் தொடர்புகொள்ள விண்டோஸ் முதல் பாக்கெட்டை (தகவல் பொட்டலத்தை) அனுப்பிவிட்டு 3 விநாடி காத்திருக்கும். பதில் இல்லையென்றால் மறுபடி அனுப்பி 6 விநாடி, இன்னொரு முறை அனுப்பி 12 விநாடி. அதற்கப்புறம்தான் கைவிடும். கூட்டினால் 21. ஆக, மென்பொருள் மெதுவாக இல்லை. ஆளில்லாத ஒரு கதவை மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு, பிறகு வேறு கதவுக்குப் போகிறது. திறக்கும்போது லைசென்ஸ் சரியா என்று அதன் சர்வரைக் கேட்கும். இணைய முகவரியில் ஐபிவி4 என்பது பழைய முறை, ஐபிவி6 என்பது புதிய முறை. அந்த சர்வருக்கு இரண்டு முகவரிகளும் உண்டு. இரண்டும் கிடைத்தால் இயங்குதளம் பொதுவாக ஐபிவி6 முகவரியை முதலில் வைத்துத்தான் தரும். அது இன்று நேற்று வந்த ஏற்பாடு இல்லை. 2003இல் வெளியான ஆர்எஃப்சி 3484 (ஆர்எஃப்சி என்பவை இணைய விதிகளை எழுதிவைக்கும் ஆவணங்கள்) சொன்ன வரிசை அது, 2012இல் வந்த ஆர்எஃப்சி 6724 அதைப் புதுப்பித்தது.

கணினியின் முகவரிகளைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்ததும் 2இல் தொடங்கும் ஒரு நீளமான முகவரி திரையில் வந்தது. வெளியுலகத்துக்குச் செல்லுபடியாகும் ஐபிவி6 முகவரி. எங்கள் ஃபைபரில் ஐபிவி6 கிடையாது, நானும் எங்கேயும் அமைக்கவில்லை. ஐபிவி6 வழி இருக்கிறதா என்று பார்க்க பிங் -6 கட்டளை கொடுத்தால் பதிலே இல்லை.

அக்காவின் கணினியில் நெட்வொர்க் அட்டையின் பட்டியலுக்குப் போய் ஐபிவி6 டிக்கை எடுத்துவிட்டேன். மென்பொருள் இரண்டு விநாடியில் திறந்தது. "அவ்வளவுதானா? எல்லாத்துலயும் எடுத்துடுங்க தம்பி" என்றார். ஊரில் இந்த வகைப் பழுதுக்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் இதுதான். 14 கணினி, இருபது நிமிட வேலை. ஐந்தாவது கணினி வரை எடுக்கவும் எடுத்தேன். ஆனால் மனசுக்குள் ஒரு நெருடல்: யாரும் கொடுக்காத முகவரி எங்கிருந்து வந்தது?

கேட்வே வரியில் ஃபைபர் ஃபயர்வாலின் முகவரியோடு, எஃப்ஈ80இல் தொடங்கும் இன்னொன்றும் இருந்தது. அதற்குரிய எம்ஏசி முகவரியை (ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள அடையாள எண்) எடுத்துக்கொண்டு, ரேக்கில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தேன். மூன்றாவது பெட்டி. ஏப்ரலில் நான் சொருகிய 4ஜி ரூட்டர்.

என் தவறு அங்கே புரிந்தது. ஐபிவி4இல் டிஹெச்சிபி என்பது டோக்கன் கொடுக்கும் கவுன்ட்டர் மாதிரி. அதை மூடினால் யாருக்கும் முகவரி கிடையாது. ஐபிவி6இல் கவுன்ட்டரே தேவையில்லை. காலையில் கோலமாவு விற்கிறவர் தெருவில் கூவிக்கொண்டு போவதுபோல், ரூட்டர் சில நிமிடங்களுக்கு ஒரு முறை "நான் இங்கே இருக்கிறேன், இதுதான் முகவரியின் முன்பாதி" என்று நெட்வொர்க் முழுவதும் கேட்க அறிவிக்கும். அதைக் கேட்ட ஒவ்வொரு கணினியும் பின்பாதியைத் தானே உருவாக்கிச் சேர்த்துக்கொள்ளும். ரூட்டர் அட்வர்டைஸ்மென்ட் என்பது அதன் பெயர், ஐசிஎம்பிவி6 வகை 134. நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கை லேப்டாப்பில் வைத்துப் பார்த்தால் அது கூவிக்கொண்டேதான் இருந்தது. டிஹெச்சிபியை அணைத்ததெல்லாம் அதன் காதில் ஏறவே இல்லை.

ஏன் அன்று காலை மட்டும்? ஏப்ரல் 22ஐ முதல் நாளாக வைத்து 84 எண்ணினால் ஜூலை 14, ஞாயிறு. ரீசார்ஜ் முடிந்துவிட்டது. சிம்மில் டேட்டா நின்றது. ரூட்டர் மட்டும் பழைய முகவரியை விடாமல் பிடித்துக்கொண்டு, வழி இருப்பதாக அறிவித்துக்கொண்டே இருந்தது. வெளியே போக வழியில்லாத வீட்டு ரூட்டர், உள்ளே இருப்பவர்களிடம் தன்னை வழியாக அறிவிக்கக் கூடாது என்று 2013இல் வெளியான ஆர்எஃப்சி 7084 தெளிவாகச் சொல்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைத்த பெட்டி அதைப் படித்திருக்கவில்லை.

ப்ரௌசருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. ஹேப்பி ஐபால்ஸ் என்று ஓர் உத்தி, 2012இல் ஆர்எஃப்சி 6555 ஆக வந்தது. ஐபிவி6 வழியைத் தட்டிவிட்டு 21 விநாடி காத்திருக்காமல், கால் விநாடி அளவில் பதில் இல்லையென்றால் ஐபிவி4 வழியையும் தட்டிப் பார்க்கும். எது முதலில் திறக்கிறதோ அதில் போகும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், கைப்பேசிகள் எல்லாம் இதைச் செய்கின்றன. அந்த டேக்ஸ் மென்பொருள் செய்யவில்லை, வரிசையில் நின்றுதான் போகும்.

இன்னொரு விவரத்தை அன்று மதியம் குறித்துவைத்தேன். விண்டோஸ் 7 கணினிகள் ஒன்பதிலும் தாமதம். விண்டோஸ் 10 கணினிகள் ஐந்தில் மூன்றில்தான் தாமதம், இரண்டு நன்றாக இருந்தன. விண்டோஸ் 8 முதல் மைக்ரோசாஃப்ட் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறது: ஐபிவி6 வழி இருப்பதாக ஒரு நெட்வொர்க் சொன்னால், அதை அப்படியே நம்பாமல், தன் சோதனை சர்வரை ஐபிவி6இல் ஒருமுறை தொட்டுப் பார்க்கும். கிடைத்தால்தான் அதற்கு முதலிடம். அந்த முடிவை 30 நாள் நினைவில் வைத்திருக்கும். தப்பித்த இரண்டு கணினிகளும் அன்று காலை மறுபடி சோதித்திருக்க வேண்டும், மற்ற மூன்றும் பழைய நல்ல முடிவை நம்பிக்கொண்டிருந்தன என்பது என் ஊகம்.

மதியத்துக்கு மேல் வந்த மந்தம்

இதோடு முடிந்திருந்தால் இது சின்னக் கதை. 4ஜி ரூட்டரைக் கழற்றிவைத்துவிட்டு அக்காவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் சாதாரணமாக ஒன்று சொன்னார். "ஏப்ரல்லேர்ந்தே மதியானத்துக்கு மேல ஜிமெயில் இழுத்துக்கிட்டுதான் தம்பி இருந்துது. இந்த வெயிலுக்கு நெட்டும் வாடிப்போச்சுன்னு விட்டுட்டோம்."

நான் உட்கார்ந்துவிட்டேன். ஏப்ரல் 22 முதல் ஜூலை 14 வரை அந்த ரூட்டர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே வழி இருந்தது. அதாவது 84 நாளும், ஐபிவி6 உள்ள தளங்களுக்கான போக்குவரத்து, முக்கியமாகக் கூகுள் தொடர்பானதெல்லாம், பெரும்பாலும் ஃபைபரில் போகாமல் சிம்மில் போயிருக்கிறது. 14 கணினிக்கு நாளுக்கு 1.5 ஜிபி எந்த மூலைக்கு? மதியம் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் 64 கேபிபிஎஸ். ஹேப்பி ஐபால்ஸும் இதில் முழுதாகக் காப்பாற்றாது. கதவு திறக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும், உள்ளே போனபின் எவ்வளவு நெரிசல் என்று பார்க்காது. நள்ளிரவில் கணக்குப் புதுப்பிக்கப்படும், காலையில் எல்லாம் நன்றாக இருக்கும். நான் போவது எப்போதும் காலையில்.

ஃபயர்வால் விஷயம் இதைவிட மோசம். அது காவல் காத்தது ஃபைபர் வாசலை. ஐபிவி6 போக்குவரத்து ஸ்விட்சிலிருந்து நேராக 4ஜி ரூட்டருக்குப் போனது, ஃபயர்வால் அதைப் பார்க்கவே இல்லை. ஆர்ட்டிகிள்ஷிப் (சிஏ படிப்புக்கான பயிற்சி) பையன்கள் இருவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒருவன் தரையைப் பார்த்தான். "ஏப்ரல் கடைசிலேர்ந்து யூடியூப் திறக்குது அண்ணா. ஆடிட்டர் சார்தான் தடையை எடுத்துட்டார்னு நெனச்சோம்." உலகக் கோப்பை கிரிக்கெட் முழுக்க ஹைலைட்ஸ் பார்த்திருக்கிறார்கள். நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் தோனி ரன் அவுட் ஆனதை மட்டும் எத்தனை தடவை பார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. 1.5 ஜிபி எங்கே போனது என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது.

வேடிக்கையாகச் சொன்னாலும் ஆடிட்டர் சாருக்கு இது வேடிக்கையாக இல்லை. வாடிக்கையாளர்களின் பான் எண், வங்கி விவரம் இருக்கும் கணினிகள். ஐபிவி4இல் அவை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் மறைந்திருந்தன. ஐபிவி6இல் ஒவ்வொன்றுக்கும் வெளியுலகில் செல்லுபடியாகும் தனி முகவரி. சிம் நிறுவனம் உள்ளே வரும் இணைப்புகளைத் தன் பக்கம் தடுத்திருக்கலாம். ஒவ்வொரு கணினியிலும் விண்டோஸ் ஃபயர்வாலும் இருந்தது. ஆனால் எதுவும் நான் கவனித்துச் செய்த காவல் இல்லை.

ஆடிட்டர் சாரின் கேள்வி

அன்று மாலை அவர் அறையில் எல்லாவற்றையும் சொன்னேன், என் தவறு உட்பட. அவர் கோபப்படவில்லை. கணக்குப் பார்க்கிறவருக்கே உரிய ஒரு கேள்வி கேட்டார். "ஐபிவி6 வேணும்னு நான் சொன்னேனா? நீ சொன்னியா? யாருமே கேக்காத ஒண்ணை விண்டோஸ்காரன் ஏன் முன்கூட்டியே ஆன் பண்ணி வெச்சிருக்கான்? மெட்ரோ வாட்டர் குழாய் மாதிரி இருக்குப்பா. குழாய் வீட்டுக்குள்ள வந்திருக்கு, திறந்தா காத்துதான் வருது. பக்கத்துல போர் குழாய் நல்லா ஓடுது. இதைத் திறந்து வெச்சுக்கிட்டு 21 விநாடி நிக்கச் சொல்றான்."

தண்ணீர்ப் பஞ்சத்துக்காக ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வர ஆரம்பித்து மூன்று நாள் ஆகியிருந்தது. சென்னையில் அந்த ஜூலையில் எந்தப் பேச்சும் தண்ணீரில்தான் போய் முடியும்.

அவர் கேள்வி நியாயமானது. 2004லேயே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர்கள், இணைய விதிகளை வகுக்கும் ஐஈடிஎஃப் அமைப்பில் ஒரு வரைவு வைத்தார்கள். ஐபிவி6ஐ டீஃபால்ட்டாக ஆன் செய்து அனுப்பினால் என்னென்ன கெடும் என்பதுதான் அதன் பொருள். அதில் சொன்ன ஒரு கோளாறு இப்போது நினைத்தால் நம்ப முடியாது: அப்போதைய விதிப்படி, ரூட்டரே இல்லாத நெட்வொர்க்கில் இருக்கும் கணினி, உலகத்தின் எல்லா ஐபிவி6 முகவரிகளும் தன் பக்கத்து மேசையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு தேடிக்கொண்டிருக்கும். 2007இல் வந்த ஆர்எஃப்சி 4861இல் அந்த விதியை எடுத்தார்கள். பிழையோடு ஆன் செய்து, அடிபட்டு, பிறகு திருத்திய கதை இது என்பதில் சந்தேகமில்லை.

பாதுகாப்புப் பக்கமும் அவர் கைதான் ஓங்கும். 2018இல் வெளிவந்த எம்ஐடிஎம்6 என்ற கருவி செய்வது இதுதான்: ஐபிவி6ஐ யாரும் கவனிக்காத அலுவலகங்களில், விண்டோஸ் கணினிகள் தாமாக எழுப்பும் டிஹெச்சிபிவி6 கேள்விக்குப் பதில் சொல்லி, தன்னை டிஎன்எஸ் சர்வராக (தளத்தின் பெயருக்கு முகவரி சொல்லும் சர்வர்) அமர்த்திக்கொள்ளும். எங்கள் 4ஜி ரூட்டர் தெரியாமல் செய்ததைத் தெரிந்தே செய்யும் கருவி. 2020 அக்டோபரில் விண்டோஸ் இந்த ரூட்டர் அறிவிப்பைப் படிக்கும் விதத்திலேயே ஓட்டை கண்டுபிடித்தார்கள். 2024 ஆகஸ்டில் ஐபிவி6 பாக்கெட்டைக் கையாளும் இடத்தில் இன்னொன்று. இரண்டுமே மிகத் தீவிரமானவை. ஐபிவி6 அணைந்திருந்த கணினிகளை இரண்டாவது ஓட்டை தொடவில்லை. பயன்படுத்தாத கதவு பூட்டியிருக்க வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

இத்தனைக்கும் பிறகு, முன்கூட்டியே ஆன் செய்து வைப்பதன் பக்கம்தான் நான் நிற்கிறேன். காரணம் விண்டோஸ் எக்ஸ்பி.

எக்ஸ்பியிலும் ஐபிவி6 இருந்தது. ஆனால் கட்டளை வரியில் ஒரு வரி தட்டி நிறுவ வேண்டும். நான் எக்ஸ்பி காலத்தில் ஐந்தாறு வருடம் இதே வேலை பார்த்தவன். ஒருவர்கூட அந்த வரியைத் தட்டி நான் பார்த்ததில்லை. நானும் தட்டவில்லை. ஐபிவி6இன் முதல் வரையறை வந்தது 1995 டிசம்பரில். பத்து வருடத்துக்கு மேல் அது பெரும்பாலும் ஆராய்ச்சிக்காரர்களின் பொம்மையாக இருந்தது. மேக் 2002 வாக்கில் அதைத் தன்னோடு கொண்டுவந்தது. 2006 இறுதியில் விஸ்டா வெளியானபோதுதான் சாதாரண மேசைக் கணினிகளுக்குக் கேட்காமலே வந்தது. "தேவைப்படும்போது ஆன் செய்துகொள்ளலாம்" என்கிறோமே, அந்தத் தேவை தனி மனிதனுக்கு ஒருநாளும் வராது. இந்த அலுவலகத்துக்கு ஐபிவி4 போதும். அடுத்த அலுவலகத்துக்கும் போதும். ஊர் முழுவதற்கும் சேர்த்துத்தான் போதாது. 32 பிட் என்பதால் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். 2011 பிப்ரவரி 3 அன்று மையக் கையிருப்பில் கடைசி ஐந்து தொகுதிகளையும் பிரித்துக் கொடுத்தாயிற்று. ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரி பிரித்துக் கொடுக்கும் ஏபிநிக் அதே வருடம் ஏப்ரல் 15 முதல் தன் கடைசித் தொகுதியைப் பங்கு வைக்கத் தொடங்கிவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்க உதாரணம் ஈசிஎன். நெரிசல் வருவதை முன்கூட்டியே குறிப்பால் உணர்த்தும் சின்ன வசதி, 2001இல் ஆர்எஃப்சி 3168. லினக்ஸில் அதை ஆன் செய்தவர்களுக்குப் பல தளங்கள் திறக்கவே இல்லை. வழியில் இருந்த பழைய ஃபயர்வால்கள் தெரியாத பிட்டைப் பார்த்ததும் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டன. பயந்து பின்வாங்கினார்கள். எதிர்ப்பக்கம் கேட்டால் ஒத்துக்கொள்வேன், நானாகக் கேட்க மாட்டேன் என்பதுதான் லினக்ஸின் டீஃபால்ட் ஆனது. இரு பக்கமும் இப்படிக் காத்திருந்தால் என்ன ஆகும்? கல்யாணப் பந்தியில் யார் முதலில் உட்காருவது என்று நிற்கிற கூட்டம்தான். 2015இல் ஆப்பிள் தன் சாதனங்களில் அதைக் கேட்க ஆரம்பிக்கும்வரை அந்த வசதி ஏறக்குறைய 14 வருடம் தூங்கியது.

இந்தியாவில் ஐபிவி6 ஓடக் காரணமும் டீஃபால்ட்தான். 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கியபோது கோடிக்கணக்கான புதுக் கைப்பேசிகளுக்குக் கொடுக்க ஐபிவி4 முகவரி எங்கே இருந்தது? ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் ஐபிவி6 ஏற்கெனவே ஆன் ஆகி இருந்தது. யாரும் எந்த செட்டிங்குக்கும் போகவில்லை, எந்தப் பாட்டியும் ஐபிவி6 என்றால் என்ன என்று பேரனைக் கேட்கவில்லை. இன்று உலகத்தில் ஐபிவி6 பயன்பாட்டில் முன்வரிசையில் நிற்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆடிட்டர் சாரின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். மொபைல் டேட்டாவில் இருந்தது, ஐபிவி6 முகவரியோடு. "நீங்க கேட்டீங்களா சார்?" என்றேன். சிரித்தார். "சரி, அது வேலை செய்யுது, அதனால நான் கேக்கலை" என்றார். எனக்கு அதற்கு மேல் வாதம் தேவைப்படவில்லை.

ஏனென்றால் அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. அவருக்கு ஆன் ஆக இருந்தது பிரச்சினை இல்லை. வேலை செய்யாதபோதும் ஆன் ஆகவே இருந்ததும், அதை யாரும் சொல்லாததும்தான் பிரச்சினை. விண்டோஸ் 7இல் நெட்வொர்க் அட்டையின் நிலைப் பெட்டியைத் திறந்தால் இரண்டு வரிகள் தெரியும்: "ஐபிவி4 இணைப்பு: இன்டர்நெட்", "ஐபிவி6 இணைப்பு: இன்டர்நெட் இல்லை". அன்று ஒன்பது கணினியிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. இயங்குதளத்துக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே அந்த டேக்ஸ் மென்பொருளிடம் ஐபிவி6 முகவரியை முதலில் நீட்டியிருக்கிறது. விண்டோஸ் 8இல் வந்த சோதனை முதல் நாளே, விஸ்டாவோடு, வந்திருக்க வேண்டியது. அதன் 30 நாள் நினைவாற்றலும் எனக்கு அதிகமாகப் படுகிறது. 84 நாள் ரீசார்ஜும் 28 நாள் ரீசார்ஜும் ஓடுகிற ஊரில் 30 நாள் பெரிய காலம்.

ஹேப்பி ஐபால்ஸ் பற்றியும் எனக்கு இரண்டு மனம். அது இல்லையென்றால் 2012க்குப் பிறகு பெரிய தளங்கள் ஐபிவி6ஐத் தைரியமாகத் திறந்திருக்காது. 2011 ஜூன் 8 அன்று கூகுள், ஃபேஸ்புக், யாஹூ எல்லாம் சேர்ந்து 24 மணி நேரம் மட்டும் திறந்து பார்த்த காலத்தில், ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு உடையும் என்ற பயத்திலேயே தயங்கினார்கள். ஆனால் பழுதை மூடிவைப்பதிலும் அது கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. எங்கள் ப்ரௌசர்கள் எல்லாம் ஏப்ரலிலேயே கொஞ்சம் அழுதிருந்தால் நான் ஏப்ரலிலேயே போயிருப்பேன். இந்த வழி தொடர்ந்து தோற்கிறது என்று எங்காவது ஒரு வரி எழுதிவைத்தால் போதும். பயனாளருக்கு வேண்டாம், என்னைப் போன்ற ஆளுக்கு.

சரிசெய்தது

ஐந்து கணினியில் எடுத்த டிக்கை மறுபடி வைத்தேன். அக்காவுக்கு அது புரியவில்லை, விளக்கினேன், அப்போதும் புரியவில்லை. மைக்ரோசாஃப்டே ஐபிவி6ஐ அணைக்க வேண்டாம் என்கிறது. ஐபிவி4க்கு முதலிடம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் அதற்கென்று ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் இடம்) ஒரு மதிப்பு இருக்கிறது. விண்டோஸ் 7 ஒன்பதிலும் அதை மட்டும் போட்டேன். அந்த ஒன்பதும் எப்படியும் 2020 ஜனவரியோடு ஓய்வுபெற வேண்டியவை.

4ஜி ரூட்டரின் மெனுவில் ஐபிவி6 என்ற சொல்லே கிடையாது. அறிவிப்பை நிறுத்த வழியில்லை. ஸ்விட்ச் கொஞ்சம் நல்ல ரகமாக இருந்திருந்தால் ஆர்ஏ கார்ட் என்ற வசதியால் அந்த ஒரு போர்ட்டிலிருந்து வரும் அறிவிப்பை மட்டும் தடுத்திருக்கலாம். 2011லிருந்தே இருக்கும் வசதி. எங்களிடம் இருந்ததோ செட்டிங் இல்லாத ஸ்விட்ச். ஆகவே ஏப்ரலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். இரண்டு இணைப்பை ஏற்கும் ஒரு ரூட்டரை வாங்கி, ஃபைபரையும் 4ஜி பெட்டியையும் அதில் வெளிப்பக்கமாகச் சொருகி, ஃபயர்வாலை அதற்குக் கீழே வைத்தேன். இனி 4ஜி ரூட்டர் என்ன கூவினாலும் அலுவலகத்துக்குள் கேட்காது. ஃபைபர் போனால் தானாக மாறும், பேட்ச் ஃபைல்களுக்கு வேலையில்லை. பெட்டிக்கான காசை ஆடிட்டர் சார் கொடுத்தார், என் கூலியை நான் வாங்கவில்லை.

ஃபயர்வாலில் ஐபிவி6க்கும் விதிகள் எழுதினேன், ஃபைபரில் இன்னும் அது வராவிட்டாலும். என்றாவது ஒரு நாள் அவர்கள் கேட்காமலே ஆன் செய்வார்கள்.

18ஆம் தேதி வியாழக்கிழமை எல்லாம் முடிந்தது. மென்பொருள் இரண்டு விநாடியில் திறக்கிறது, மதியத்துக்கு மேலும் ஜிமெயில் நன்றாக ஓடுகிறது, அக்கா அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. அடுத்த திங்கட்கிழமை மதியம் மட்டும் ஒரு ஃபோன் வந்தது. தரையைப் பார்த்த அந்த ஆர்ட்டிகிள்ஷிப் பையன். குரலைத் தாழ்த்தி, "அண்ணா, இன்னிக்கு சந்திரயான் லான்ச், யூடியூப் மட்டும் வரமாட்டேங்குது, கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றான்.